ஈயத்தை எடுத்தாச்சு... பிள்ளைகளை எண்ணியாச்சா?

பரீட்சை, இன்டர்னல், அசைன்மெண்ட் என்று ஓடியதில் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் நீளமான கட்டுரை. பொறுமையாகப் படிக்கவும் :-)

விஷயம் ஒரு செமினாரில் ஆரம்பித்தது. போன செமஸ்டரில் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார்கள். நான் சிவகாசிப் பக்கத்துக்காரன் என்பதால் என் தலையில் விழுந்தது, 'உச்ச நீதிமன்ற உத்தரவுகளும் பட்டாசுத் தொழிலும்'. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பட்டாசு, தீப்பெட்டி, பிரஸ் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும். 2018 நவம்பரில் ஆலைகளை மூடியதும், அடுத்த வருஷம் மார்ச் வரை வேலை இல்லாமல் வீடுகள் கிடந்த கிடையும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் நானும் நஷ்டக் கணக்கு, வேலை இழப்பு, சீனப் பட்டாசு என்று ஸ்லைடு போட்டு முடித்துவிட்டேன். உத்தரவை மட்டும் படிக்கவே இல்லை. செமினாருக்கு முந்தின நாள் ராத்திரிதான், வாத்தியார் ஏதாவது கேட்டால் மாட்டிக்கொள்வோமே என்று எடுத்துப் பார்த்தேன்.

முதல் ஆச்சரியம் மனுதாரர்கள். 2015 செப்டம்பரில் அந்த வழக்கைப் போட்டது மூன்று கைக்குழந்தைகள்! இரண்டு பேருக்கு ஆறு மாதம், ஒருவருக்கு பதினான்கு மாதம். அப்பாக்கள் மூலமாகத்தான் போட்டார்கள், ஆனால் சட்டப்படி வழக்கு குழந்தைகளுடையது. டெல்லிக் காற்றில் எங்கள் நுரையீரல் வளராது என்பது வாதம்.

இரண்டாவது, 2017 ஜூலை 31-ம் தேதி உத்தரவு. பட்டாசில் ஐந்து பொருள்கள் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது என்கிறது. ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம். இதை உறுதி செய்ய வேண்டியது வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோவின் பொறுப்பு என்று சொல்லி, எங்கள் ஊரின் பெயரையே குறிப்பிடுகிறது, சிவகாசி.

பேரியத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புக்குத் தடை வந்தபோதுதான் தொழிலே ஆட்டம் கண்டது. ஈயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் மட்டும் அந்த வார்த்தையில் நின்றுவிட்டேன். காரணம் எங்கள் தாத்தாவின் டப்பா.

தாத்தா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்போசிட்டராக இருந்தவர். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கி வார்த்தையாக்கும் வேலை. அந்த எழுத்துகள் ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. ஆஃப்செட் வந்து அந்த வேலை போனபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய எழுத்துகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். சின்ன வயதில் அதுதான் எனக்கு விளையாட்டுச் சாமான். எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருக்கும். 'ழ'வை ஒருமுறை வாயில் போட்டு அம்மாவிடம் முதுகில் வாங்கியது நினைவிருக்கிறது. முழுங்கிவிடுவேன் என்ற பயத்தில்தான் அடித்தாள். ஈயம் என்பதால் இல்லை.

நம் ஊரில் ஈயத்தைப் பற்றிப் பயம் இல்லாமல் போனதற்கு பாஷையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம். ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் தனி ருசி என்கிறோம். அது வெள்ளீயம், வேறு உலோகம். விஷம் காரீயத்தில். ஆனால் பேச்சில் இரண்டுமே ஈயம்தான். சொம்பு விற்பவர் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால் வாங்குபவருக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாது. பற்றாததற்குப் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்கும் காரீயம் என்று பெயர் வைத்து இன்னும் குழப்பிவிட்டோம்.

இந்தக் காரீயம் உடம்புக்குள் போனால் உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பிவிடுகிறது. எலும்பில் சேர்த்து வைக்கிறது, வளரும் மூளைக்குள்ளும் விடுகிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ரத்தத்தில் ஏறும். சின்னக் குழந்தைகளுக்குப் பாதி வரை ஏறும். இரும்புச் சத்து குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதல். வயிற்று வலி, மந்தம், சிடுசிடுப்பு என்று எந்த வியாதிக்கும் பொருந்துகிற அறிகுறிகள்தான் வரும், பல சமயம் அதுவும் வராது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான் தெரியும். ரத்தத்தைச் சோதித்தால் ஒழிய வேறு வழியில் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதை முதலில் குழந்தைகளிடம் சரியாகப் பிடித்தது ஆஸ்திரேலியாவில். 1904-ல் பிரிஸ்பேனில் கிப்சன் என்ற கண் டாக்டர், பிள்ளைகள் வராந்தாக் கம்பியில் உதிரும் பெயிண்டைத் தொட்டுவிட்டு விரல் சூப்புவதுதான் காரணம் என்று எழுதினார். ஆனால் இதை ஒரு நிர்வாக வேலையாக எடுத்துச் செய்தது அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். 1932, பொருளாதார மந்தக் காலம். விறகு வாங்கக் காசில்லாத குடும்பங்கள் பழைய பேட்டரிகளின் மரக் கூடுகளை வாங்கி அடுப்பெரித்தார்கள். அந்தப் புகையில் பிள்ளைகள் வரிசையாக விழுந்தார்கள். அதற்குப் பிறகு 1935-ல் அந்த நகர சுகாதாரத் துறை ஒரு காரியம் செய்தது. எந்த டாக்டர் ரத்தம் அனுப்பினாலும் ஈயம் எவ்வளவு என்று இலவசமாகச் சோதித்துச் சொல்வோம் என்று அறிவித்தது. அவ்வளவுதான் திட்டம்! சோதனை இலவசம் என்றதும் டாக்டர்கள் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். சந்தேகப்பட்டதும் கேஸ்கள் தெரிந்தன. கேஸ்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்று பார்த்ததும் பழைய வீடுகளின் பெயிண்ட் தெரிந்தது. 1951-ல் வீட்டுக்குள் ஈயப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று அந்த நகரம் தடை போட்டது. நாடு முழுக்க அந்தத் தடை வர 1978 ஆகிவிட்டது.

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இதில் ஒன்று பளிச்சென்று பட்டது. இந்த நோய்க்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் கிடையாது. ஈயத்தைக் கட்டி வெளியேற்றும் மருந்து இருக்கிறது, அதையும் அளவு 45-ஐத் தொட்டால்தான் பொதுவாகக் கொடுக்கிறார்கள் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. இனி எண்ணை மட்டும் எழுதுகிறேன்). அதற்குக் கீழே இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை என்பது வீட்டுக்குப் போய், எங்கிருந்து வருகிறது என்று தேடி, அதை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பது. ஒன்று, இரண்டு வயதில் விரல் நுனியில் குத்திச் சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் விரல் அழுக்கில் ஈயம் இருந்திருக்கலாம் என்பதால் நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்ய வேண்டும். பெயர், தெரு, தேதி, எண், அடுத்த தேதி. டாக்டர் வேலையை விட குமாஸ்தா வேலை அதிகம். பேரேடு ஒழுங்காக எழுதப்பட்டால் திட்டம் ஓடும், இல்லாவிட்டால் படுத்துவிடும்.

பேரேடு எழுத எழுத இன்னொன்றும் நடந்தது. 'பரவாயில்லை' என்று சொல்லும் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்காவில் 1960-களில் 60 வரை பரவாயில்லை. 1991-ல் அது 10 ஆனது. 2012-ல் 5. 2021-ல் 3.5. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது. இந்த இறக்கத்துக்குப் பின்னால் இருப்பவர்களில் நீடில்மன் என்ற டாக்டரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பாஸ்டன் பக்கத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அதில் ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் கூடக் கூட அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைந்ததை 1979-ல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் யாரும் நோயாளிகள் இல்லை, சாதாரணமாகப் பள்ளிக்கூடம் போய்வந்தவர்கள். நாமெல்லாம் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தோம். எவ்வளவு ஆதாரம் ஓட்டு மேல் கிடந்து போனதோ!

பெட்ரோலில் ஈயம் கலந்த கதை தனிக் கட்டுரை கேட்கும். சுருக்கமாக: 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். எஞ்சின் தட்டாமல் ஓடும். விற்பனைக்கு வந்தபோது 'ஈயம்' என்ற சொல்லே இல்லாமல் 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். 1924-ல் நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். இருந்தும் உலகம் முழுக்க விற்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். கிட்டத்தட்ட நூறு வருஷம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கேதான் எனக்கு நிஜமான ஆச்சரியம் காத்திருந்தது.

1985-ல் எம்.சி.மேத்தா என்ற வக்கீல் டெல்லி வாகனப் புகையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார். அந்த வழக்கு இழுத்து இழுத்துத்தான் இந்தியாவில் ஈயம் இல்லாத பெட்ரோலைக் கொண்டுவந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில், 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும். அதே மேத்தா 1986-ல் இன்னொரு மனு போட்டார். அது எங்கள் ஊரைப் பற்றியது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளுக்காக!

ஒரே வக்கீல், அடுத்தடுத்த வருஷம். ஒன்று குழந்தைகள் மூச்சில் போகும் விஷத்தை எடுத்தது. இன்னொன்று விஷத்துக்கு நடுவிலிருந்து குழந்தைகளை எடுத்தது. ஆனால் இரண்டு உத்தரவுகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, எண்ணச் சொன்னது. ஆறு மாதத்துக்குள் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய். அந்தப் பணத்தின் வட்டியில் பிள்ளை படிக்க வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு பள்ளிக்கூடம். 1988-லேயே தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் வந்திருந்தது, அதன் சிறப்புப் பள்ளிகள் எங்கள் பக்கம் நிறைய. ஓட்டைகள் இருந்தன, ஏமாற்றினார்கள், சட்டத்துக்குப் புறம்பாக வீட்டுக்குள் நடக்கும் வேலை இன்றும் செய்தியில் வருகிறது. எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் அம்மா எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டினாள். நான் எட்டு வயதில் கிரிக்கெட் ஆடினேன். ஒரு தலைமுறையில் இது நடந்ததற்கு அந்தக் கணக்கெடுப்பும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

பெட்ரோல் வழக்கில் எண்ணச் சொல்லவில்லை. பெட்ரோலில் ஈயம் எவ்வளவு என்று பார்த்தார்கள், பிள்ளையின் ரத்தத்தில் எவ்வளவு என்று அரசாங்கம் பார்க்கவில்லை.

பார்த்தது ஒரு தனி மனிதர். ஆபிரகாம் ஜார்ஜ். கேரளத்தில் பிறந்து, ராணுவத்தில் இருந்து, அமெரிக்கா போய்த் தொழில் செய்து சம்பாதித்துத் திரும்பியவர். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாந்தி பவன் பள்ளியை நடத்துகிறாரே, அவரேதான். அவருடைய ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1997-லிருந்து 'ப்ராஜெக்ட் லெட்-ஃப்ரீ' என்று ஒன்றை எடுத்து நடத்தியது. பெங்களூர், சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி, ஹைதராபாத் என்று பெரிய நகரங்களில் 20,000 பேருக்கு மேல் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 12 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அளவு 10-ஐத் தாண்டி இருந்தது! அது அன்றைய அமெரிக்க எல்லை. இன்றைய 3.5-ஐ வைத்துப் பார்த்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1999 பிப்ரவரியில் பெங்களூரில் சர்வதேச மாநாடு கூட்டி இந்தக் கணக்கை மேசையில் வைத்தார்கள். அதற்கு அடுத்த பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. நீதிமன்றம், அரசு, எண்ணெய் நிறுவனங்கள் என்று பலர் சேர்ந்து நடத்தியதுதான், இவர் ஒருவர் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எண் கையில் இருந்தால் வாதம் எவ்வளவு சுலபமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை எண்ணியதால் இன்னொரு லாபமும் கிடைத்தது. மும்பையில் 1997-ல் 10-க்கு மேல் இருந்த குழந்தைகள் 60 சதவீதத்துக்கும் மேல். பெட்ரோல் மாறிய பிறகு 2002-ல் அங்கே எடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு. திட்டம் வேலை செய்தது என்று சொல்ல ஆரம்ப இருப்பு வேண்டும் அல்லவா, ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் எந்தக் கணக்கும் டேலி ஆகாது.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சம். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 3 முதல் 7 வயது வரை 756 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். பெட்ரோலில் ஈயம் போய் வருஷங்கள் ஆன பிறகும் சராசரி 11.4. ஈயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும், கவனக் குறைவும், மற்றவர்களோடு சேராமையும் கூட இருந்ததாக வகுப்பு ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த மதிப்பீடுகள் காட்டின. 11.4 என்பது யாரோ ஒரு தொழிற்சாலைக்காரர் பிள்ளையின் எண் இல்லை, சாதாரண சென்னைப் பள்ளிக்கூடத்துச் சராசரி!

பெயிண்டுக்கு எல்லை வந்தது அதற்கும் பிறகு. 2016 நவம்பரில் விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றார்கள். நல்ல விதி. ஆனால் அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட் கதவிலும் ஜன்னலிலும் அப்படியே இருக்கிறது. அதை எந்த கெசட் உத்தரவும் சுரண்டி எடுக்காது.

இப்போது மறுபடி 2017-ன் பட்டாசு உத்தரவு. உலகத்தில் பல இடங்களில், வானத்தில் போய்ச் சடசடவென்று பொரிகிற பொறிகளுக்கு ஈய ஆக்சைடைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொன்னது சரிதான். நிறுத்தியாயிற்றா என்று பார்க்க வெடியைச் சோதிக்கிறார்கள். பெசோவின் பட்டாசு ஆய்வு மையம் சிவகாசியிலேயே இருக்கிறது. பசுமைப் பட்டாசுக்கு நீரி விஞ்ஞானிகள் ஃபார்முலா கொடுத்து, பரிசோதித்து, சான்றிதழ் தருகிறார்கள். கியூஆர் கோடு கூட உண்டு. ஆக, மூன்று கைக்குழந்தைகள் போட்ட வழக்கின் முடிவில் எங்கள் ஊரில் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பேரேடு வந்துவிட்டது. இந்த ஊர்க் கைக்குழந்தைகளுக்கு இன்னும் வரவில்லை.

செமினாரில் இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன் எழுந்து, "ஏண்டா, ஏற்கனவே நொந்துபோன தொழில், நீ வேற புதுசா ஒன்ன கிளப்புறியா?" என்று கேட்டான். அவன் வீட்டிலும் ஆலை வேலைதான். கோபம் நியாயமானது. ஆனால் நான் ஆலையை மூடச் சொல்லவில்லையே. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்திராவிட்டால், மழையில்லாத இந்தக் கரிசல் பூமியில் எங்கள் தாத்தாக்கள் என்ன செய்திருப்பார்கள்? தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று பிரஸ் வந்தது, தீக்குச்சி மருந்து தெரிந்ததால் பட்டாசு வந்தது. அந்தச் சோற்றில்தான் நானும் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறேன். ஈயத்துக்கும் ஆலை ஒன்றுதான் வழி என்று இல்லை. பழைய பெயிண்ட், பேட்டரி உருக்குமிடம், ஈய குரோமேட் கலந்த மஞ்சள் பொடி என்று வழி பல. 2019-ல் வங்கதேசத்தில் கடை மஞ்சளில் கிட்டத்தட்ட பாதியில் ஈய குரோமேட் இருந்தது. சந்தைக்குப் போய்ச் சோதித்து, அபராதம் போட்டு, பத்திரிகையில் எழுதி இரண்டே வருஷத்தில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்த வழி என்று பிள்ளையின் ரத்தம் சொன்னால்தானே எதை நிறுத்துவது என்று தெரியும்?

செலவு என்று சொல்வார்கள். புதிதாக ஆள் போட வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. பிள்ளைகளை மாதாமாதம் எண்ணி நிறுத்துப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதுசா என்ன? 1980-ல் உலக வங்கிக் கடனோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, மதுரைப் பக்கத்தில் ஒரு வட்டாரத்தில் ஆரம்பித்து, 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும் மாதம் ஒருமுறை எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் உருண்டை கொடுக்காமல், அட்டையில் கோடு இறங்கிய பிள்ளையைத் தேடிக் கொடுத்தார்கள். பால்டிமோர்க்காரன் ரத்தத்தில் செய்ததை நம் ஆயாம்மாக்கள் தராசில் செய்தார்கள். 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு, வேன் எடுத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து முப்பது வகைக் குறைபாடுகளைப் பார்க்கிறது. ரத்த சோகை உண்டு, வளர்ச்சித் தாமதம் உண்டு. ஈயம் அந்த முப்பதில் இல்லை. விரல் நுனிச் சொட்டு ரத்தத்தில் மூன்று நிமிஷத்தில் எண்ணைச் சொல்லும் கையடக்கக் கருவிகள் வந்து வருஷங்கள் ஆயிற்று. ஒரு மாவட்டத்தில் முப்பத்தொன்றாவதாக ஒரு கட்டம் போட்டால் போதும். எங்கள் மாவட்டமே போடலாம். மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோன காமராஜர் பிறந்த மாவட்டம்.

இவ்வளவு படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அக்கா மகனுக்கு மூன்று வயது. எங்கள் தெருவிலேயேதான் வீடு. அம்மா பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை முடித்து வந்ததும், "அம்மாச்சி" என்று ஓடிப்போய் அதே சேலையில் முகத்தைப் புதைப்பான். அக்காவிடம் சொன்னேன். "செமினார் படிச்சாலும் படிச்ச, எம்பிள்ளைக்கு வியாதி கண்டுபிடிக்க வந்துட்டியா" என்று திட்டினாள். ஒரு வாரம் கழித்து அவளே, "எங்கடா எடுக்கணும்?" என்று கேட்டாள். மதுரையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். செலவு அக்காவின் சுயஉதவிக் குழுத் தவணையைத் தின்றது. எட்டாவது நாள் ரிசல்ட் வந்தது. 4.1.

நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாமல் முழித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் 5-ஐத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. அதில் இவன் தப்பித்தான். அமெரிக்கக் கணக்கில் 3.5-க்கு மேல், ஆக மற்ற பிள்ளைகளை விடக் கூடுதல். அங்கே ஒரு நர்ஸ் பேரேட்டில் பெயர் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். இங்கே நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வீட்டைச் சுற்றினோம்.

மஞ்சள், விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைப்பது, அடித்துவிட்டோம். தண்ணீர்க் குழாய் புதுசு. சேலையை இனி ஆலையிலிருந்து வந்ததும் மாற்றிவிட்டுக் குளித்த பிறகுதான் பேரனைத் தூக்குவதாக அம்மா ஒப்புக்கொண்டாள், முனகிக்கொண்டே. முன்வாசல் கதவு தாத்தா காலத்தது. பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது, சரியாக இவன் நிற்கும் உயரத்தில். மச்சான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றார். கூடவே கூடாது, அந்தத் தூசிதான் ஆபத்து என்று சொல்லி ஈரத் துணியால் துடைத்து, மேலே புதுப் பெயிண்ட் அடித்தோம்.

பரணில் அந்த பிஸ்கட் டப்பா. போன பொங்கலுக்கு வந்தபோது, "மாமா உனக்கு எழுத்து காட்டுறேன்" என்று அதை இறக்கி அவன் முன்னால் கொட்டியவன் நான்தான். அரை மணி நேரம் விளையாடினான். நோட்டில் அதையும் எழுதினேன்.

டாக்டர் முட்டை, கீரை, முருங்கைக் கஞ்சி எல்லாம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அந்த லேப் செலவுக்கு இந்த மாதத்திலிருந்து நான் ட்யூஷன் எடுக்கிறேன், பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல், நாலு பேர்.